கடைசி 10 மீட்டரைப் படித்துவிட்டு இறங்குங்கள்

ஸ்கூபா பயிலச் சேர்பவருக்குத் தரப்படும் பாடநூல் விதிகளைத் தெளிவாகவே சொல்கிறது: மூச்சை அடக்காதே, மெதுவாக மேலேறு, முங்கி எழுந்த கையோடு விமானம் ஏறாதே. ஆனால் காரணங்களைச் சுருக்கமாகத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. அது போதாது. அமெரிக்கக் கடற்படையின் முக்குளிப்புக் கையேடு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் நீரடி இயற்பியல், உடலியல் பற்றிய இரண்டு அத்தியாயங்களையாவது கடலில் இறங்குமுன் படித்துவிட வேண்டும். கடலில் 10 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. மூச்சை அடக்கிக்கொண்டு 30 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு ஏறினால், உள்ளே இருக்கும் காற்று மூன்றில் ஒரு பங்கு விரியப் பார்க்கும். 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு ஏறினாலோ இரண்டு மடங்காகப் பார்க்கும். ஆழத்தில்தான் ஆபத்து என்று நம்பும் புதியவர், வெளிச்சம் தெரிந்ததும் அவசரப்படுவது இயல்பு. நுரையீரல் கிழியும் அபாயம் மிகுந்த இடமும் அதுவே. காற்று இப்படி விரிவது, பள்ளியில் மனப்பாடம் செய்த பாயில் விதிதான்.

மணிக்கட்டில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர் இருக்கையில் படிப்பு எதற்கு என்று கேட்கலாம். அதற்குத் தெரிந்ததெல்லாம் முக்கியமாக ஆழமும் நேரமும். சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் உடல் திசுக்களில் கரைவதும் வெளியேறுவதும் எவ்வளவு என்று ஒரு மாதிரியை வைத்து அது கணிக்கிறது. அந்தக் கணிப்பு முறையின் வேர், ஆடுகளை வைத்துச் சோதித்து 1908இல் உடலியலாளர் ஹால்டேன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. நீங்கள் களைத்திருக்கிறீர்களா, உடலில் நீர் வற்றியிருக்கிறதா என்பதைக் கருவி அறியாது. மார்க் பவல் எழுதிய 'டெகோ ஃபார் டைவர்ஸ்' இதையெல்லாம் பொறுமையாக விளக்குகிறது. இரண்டாவதாகப் படிக்க அதையே சொல்வேன்.

கடற்படைக் கையேடு பயிற்சி பெற்ற வீரர்களுக்கானது என்ற ஆட்சேபம் நியாயமானது. அதன் அட்டவணைகளைப் பொழுதுபோக்குக்கு முங்குபவர் பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் இயற்பியலும் உடலியலும் எல்லோருக்கும் ஒன்றுதான். எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறதே என்பதுதான் என்னை உறுத்தும் ஆட்சேபம். தூத்துக்குடியில் கம்ப்ரசர் காற்றைக் குழாய் வழியே சுவாசித்துச் சங்கு குளிப்பவர்களின் உடலிலும் இதே நைட்ரஜன்தான் கரைகிறது. சுற்றுலாப் பயணியைவிட அவர்களுக்கே இந்தப் படிப்பு அவசரம். அமெரிக்க அரசின் வெளியீடு என்பதால் அந்நாட்டில் இக்கையேட்டுக்குப் பதிப்புரிமைத் தடை இல்லை. அந்த இரண்டு அத்தியாயங்களையும் படங்களோடு எளிய தமிழில் கொண்டுவரும் பணியைத் தமிழ்நாடு பாடநூல் கழகம் ஏற்க வேண்டும்.