நீல ஒளி வீசிய தூள்

அணுக் கதிர்களால் விளையும் கேடு என்றவுடன் நம்மிற் பலருக்கு நினைவில் எழுவது அணுகுண்டே. அதற்கு அடுத்தபடியாக, 1986ஆம் ஆண்டில் வெடித்த செர்னோபில் உலையைக் கூறலாம். ஆயின் அதற்கு மறு ஆண்டிலே, பிறேசில் தேசத்துக் கோயானியா நகரில் நிகழ்ந்த துன்பத்துக்குக் குண்டும் காரணமன்று; உலையும் காரணமன்று. நோய் தீர்க்கவென வாங்கப்பட்ட யந்திரம் ஒன்றே காரணமாயிற்று.

புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை அளித்துவந்த தனியார் நிலையம் ஒன்று 1985ஆம் ஆண்டளவில் வேறிடத்துக்குப் பெயர்ந்தது. சீசியம்-137 அடங்கிய யந்திரத்தைப் பழைய கட்டடத்திலேயே விட்டுச் சென்றது. உரிய அதிகாரிகளுக்கும் அறிவிக்கவில்லை. 1987 செப்தெம்பர் 13ஆந் திகதி, பழைய உலோகம் பொறுக்குவோர் இருவர் பாழடைந்த அக்கட்டடத்துட் புகுந்து, யந்திரத்தின் தலைப்பாகத்தைக் கழற்றிக் கைவண்டியில் ஏற்றிச் சென்று, பின்னர்ப் பழைய இரும்பு வியாபாரி ஒருவருக்கு விற்றனர். இரவிலே அதனுள்ளிருந்து நீல ஒளி வீசக் கண்ட வியாபாரி, ஏதோ விலையுயர்ந்த பொருளென எண்ணி, சுற்றத்தாரையும் அயலாரையும் அழைத்துக் காட்டினார். அரிசிமணி போன்ற துணுக்குகளைச் சிலர் வீட்டுக்குக் கொண்டு சென்றனர். சிலர் உடம்பிலும் பூசிக்கொண்டனர்.

பலருக்கு ஒரே வேளையில் வாந்தியும் பேதியும் காண்பதற்கு இப்பொருளே காரணமென உய்த்துணர்ந்தவர் வியாபாரியின் மனைவி. கல்வியிற் சிறந்தோர் எவரும் அன்று அவருக்குத் துணையில்லை. செப்தெம்பர் 28ஆந் திகதி, எஞ்சியதைப் பையிலிட்டுப் பஸ் வண்டியிற் சென்று, சுகாதாரப் பகுதியினரிடம் ஒப்படைத்தார். மறுநாள் ஒரு பௌதிக அறிஞர் இரவல் வாங்கிய அளவுகருவியுடன் வந்தார். கருவியின் முள் எல்லை கடந்து ஓடவே, அது பழுதென்று கருதி வேறொன்று பெற்றார். அதுவும் அவ்வாறே காட்டிற்று. அப்பையை ஆற்றில் எறிய ஆயத்தமாயிருந்த தீயணைக்கும் படையினரைத் தடுத்தவரும் அவரே. சீசியம் குளோரைட்டு நீரில் எளிதிற் கரைவது என்பதை நினைத்தால், அத்தடையின் பெறுமதி விளங்கும்.

ஏறக்குறைய 112,000 பேர் பரிசோதிக்கப்பட்டனர். 249 பேரிடம் சீசியம் படிந்திருந்தது. உடலினுள்ளே சென்ற சீசியத்தை வெளியேற்றுதற்குப் பிரஷ்ய நீலம் என்னும் சாயப்பொருளே மருந்தாயிற்று. எனினும், துப்புத் துலக்கிய அம்மாதும், 6 வயதுச் சிறுமி ஒருத்தியும், கடையின் வேலையாட்கள் இருவரும் ஒக்தோபரில் உயிர் நீத்தனர்.

இனிக் கழிவின் கதை. யந்திரத்தில் இருந்த தூள் ஏறத்தாழ 93 கிராம். ஒரு பிடிக்கும் குறைவு. அது தொட்ட மண்ணும் சுவரும் துணியும் தட்டுமுட்டுப் பொருள்களும் சேர்ந்து குவிந்த கழிவோ ஏறக்குறைய 3,500 கன மீற்றர்! அது நகருக்கு வெளியே அபாதியா டி கோயாஸ் என்னுமிடத்திற் புதைத்துக் காக்கப்படுகின்றது. சீசியம்-137இன் அரைவாழ்வுக் காலம் 30 ஆண்டு. பத்து முறை பாதியானால் ஆயிரத்தில் ஒரு பங்கு எஞ்சும். அதற்கு 300 ஆண்டுகள் வேண்டும். மாணாக்கர் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

வியன்னாவிலுள்ள சர்வதேச அணுசக்தி நிறுவனம் இந்நிகழ்ச்சியை விரிவாக ஆராய்ந்தது. கழிவு முகாமை பற்றிய கூட்டு உடன்படிக்கை 1997இல் நிறைவேறி, 2001இல் நடைமுறைக்கு வந்தது. பயனற்றுப்போன கதிர்மூலங்களைக் காக்கும் பொறுப்பை அது அரசுகள்மேற் சுமத்துகின்றது. 2003இல், இத்தகைய மூலங்களைப் பதிவேட்டிற் பதிந்து இறுதிவரை கண்காணிக்கவேண்டுமென நடத்தை விதிக்கோவை ஒன்றும் ஏற்கப்பட்டது. இக்கோவை சட்டப்படி எவரையும் பிணிப்பதன்று. அஃது ஒரு குறையே என்பது எம் கருத்து.

மூவிதழ்க் கதிர்ச் சின்னத்தை அறியாதார் அதனை மின்விசிறியென்றே கொள்வர். ஆதலின் 11 நாடுகளில் மக்களிடம் காட்டிச் சோதித்த புதிய சின்னம் ஒன்று 2007இல் வெளியாயிற்று. செந்நிற முக்கோணத்தினுள்ளே மூவிதழிலிருந்து பாயும் கதிர்கள், மண்டையோடு, ஓடும் மனிதன். யந்திரத்தை எவரேனும் பிரிக்க முற்படும்போது கண்ணிற் படுமாறு அதன் உட்புறத்திலே இது பொறிக்கப்படல் வேண்டும்.

இத்தனைக்கும் பின்னர், 2010ஆம் ஆண்டில், டில்லி மாநகரின் மாயாபுரியிலே கோபாற்று-60 கொண்ட ஆய்வுகூடக் கருவி ஒன்று உடைக்கப்பட்டு, ஒருவர் மாண்டார். பல்லாண்டு பயன்படாது கிடந்த அக்கருவி ஏலத்தில் விற்கப்பட்டிருந்தது. வாங்கியவர் கண்ணுக்கு அது வெறும் பழைய இரும்பு.