மதுக்கடை தெரியும், இந்தக் கூட்டம் தெரியுமா?

குடியை விட விரும்புவோருக்கு ஒரு வழி

எரியோடு போன்ற ஒரு சிற்றூர். பஸ்சை விட்டு இறங்கி, "மதுக்கடை எங்கே?" என்று கேட்டால் சின்னப் பையன்கூடக் கை காட்டுவான்.

"குடியை விட வேண்டும். எங்கே போவது?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல ஆள் இருக்காது!

மதுக்கடையைப் பற்றிய பேச்சு தமிழ்நாட்டில் ஓய்ந்ததே இல்லை. 1937-ல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. 1971-ல் தமிழ்நாட்டில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 2003 முதல் அரசின் டாஸ்மாக் நிறுவனமே சில்லறைக் கடைகளை நடத்துகிறது. 2023 ஜூனில் 500 கடைகள் மூடப்பட்டன. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

கடையைத் திறப்பதா, மூடுவதா என்பது ஒரு கேள்வி. குடியை விட நினைக்கிற மனிதருக்கு யார் கை கொடுப்பது என்பது இன்னொரு கேள்வி. இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு.

ஒரு டெலிபோனில் பிறந்த சங்கம்

1935 மே மாதம். அமெரிக்காவில் ஆக்ரன் என்ற நகரம். பில் வில்சன் என்பவர் வியாபார விஷயமாக அங்கே வந்திருந்தார். பெருங்குடிகாரராக இருந்து, குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. வந்த காரியம் தோல்வி. தங்கிய ஓட்டலிலோ மதுக்கூடம்!

அவர் அங்கே போகவில்லை. டெலிபோனை எடுத்தார். மதகுருக்களைக் கூப்பிட்டு, "என்னைப்போல் குடியால் அவதிப்படும் ஒருவருடன் நான் பேச வேண்டும்" என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப் ஸ்மித். இருவரும் பேசினார்கள். அந்த ஆண்டு ஜூனில் டாக்டரும் குடியை அடியோடு விட்டார்.

அதுவே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்ற சங்கத்தின் தொடக்கம். சுருக்கமாக ஏ.ஏ. என்பார்கள். இந்தியாவுக்கு 1957-ல் வந்தது.

கூட்டத்தில் என்ன நடக்கும்?

கட்டணம் கிடையாது. முழுப் பெயர் கேட்க மாட்டார்கள். சாதி, மதம், கட்சி எதுவும் தேவை இல்லை. குடியை விட வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும்.

வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவராகத் தம் கதையைச் சொல்வார்கள். பேச விருப்பம் இல்லாதவர் கேட்டுக்கொண்டு இருக்கலாம். "இனி ஆயுள் முழுவதும் குடிக்க மாட்டேன்" என்று சத்தியம் வாங்குவது இல்லை. "இன்று ஒரு நாள் குடிக்க வேண்டாம்" என்பதே பாடம்.

இதனால் பலன் உண்டா? 27 ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் அறிக்கை 2020-ல் வெளிவந்தது. குடியை அறவே விட்டு இருப்பதற்கு, இந்தக் கூட்டங்களில் சேர்த்துவிடும் சிகிச்சை நல்ல பலன் தருகிறது என்று அது சொல்கிறது.

முதலில் டாக்டர்!

ஒன்றை மறக்கக் கூடாது. தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கை கால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். உயிருக்கே ஆபத்து. ஆகவே முதலில் அரசு மருத்துவமனைக்குப் போய், மனநல டாக்டரைப் பார்க்க வேண்டும். கூட்டம் எங்கே நடக்கிறது என்பதையும் அங்கேயே விசாரிக்கலாம்.

14446 என்ற இலவச எண்ணிலும் போதை மீட்புக்கு வழி கேட்கலாம். ஏ.ஏ. சங்கத்தாரிடம் கேட்கும்போது நான்கு விவரம் தெரிந்துகொள்ள வேண்டும். எந்த ஊர், என்ன கிழமை, எத்தனை மணி, தமிழில் பேசுவார்களா? நேரம் மாறுவது உண்டு. புறப்படும் முன் மறுபடியும் போனில் கேட்டுக்கொள்வது நல்லது.

"யாராவது பார்த்துவிட்டால்?"

சிற்றூரில் பெரிய தடை இதுதான். கடை வாசலில் நிற்கக் கூசாதவர், கூட்டத்துக்குப் போகக் கூசுகிறார்! அப்படிப்பட்டவர் திண்டுக்கல் போன்ற பெரிய ஊர்க் கூட்டத்தைத் தேடலாம். அங்கே அவர் யார் என்று தெரியாது. பஸ் கட்டணம் ஒரு குவார்ட்டர் விலை வராது.

அவர் வர மறுத்தால் மனைவி என்ன செய்வாள்? குடும்பத்தாருக்கென்றே 1951-ல் தோன்றியது 'அல்-அனான்' சங்கம். கணவன் குடிப்பதற்கு அவள் காரணம் அல்ல என்பதை அங்கே முதலில் சொல்லித் தருகிறார்கள். அந்த ஒரு சொல்லே எத்தனையோ பெண்களுக்குப் பாரத்தை இறக்கும்.

ஊரே முன்வந்தால்...

சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையார், தம் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர். 1980-ல் சென்னையில் சிகிச்சை நிலையம் ஏற்படுத்தினார். கிராமத்து ஏழை சென்னைக்கு வர முடியுமா? ஆகவே 1989-ல் அந்த நிலையத்தார் திருவாரூர் பக்கம் உள்ள மஞ்சக்குடிக்கே போய் முகாம் நடத்தினார்கள். ஊராரும் கை கொடுத்தார்கள்.

மஞ்சக்குடியில் முடிந்தது எரியோட்டில் முடியாதா? ஒரு குழு தொடங்க, குடியை விட விரும்பும் இரண்டு பேர் போதும். வாரத்தில் ஒரு மணி நேரம் திறந்துவிட ஒரு பள்ளிக்கூட அறை போதும்.

கடைக்குப் பெயர்ப் பலகை இருக்கிறது. கிழமையும் நேரமும் எழுதி, இதற்கும் ஒரு பலகை மாட்டட்டும். வழி கேட்பவருக்கு அந்தச் சின்னப் பையன் இதையும் கை காட்டுவான்.