கோணேசர் கோவிலும் எமது உறுதிப் பெட்டியும்

திருகோணமலைக் கோட்டை வாயிலைக் கடந்து சுவாமி மலைக்கு ஏறும் அடியார் ஒவ்வொருவரும் ஒரு கல்லையும் கடந்தே செல்கின்றனர். வாயிற் சுவரிற் பதிக்கப்பட்ட அக்கல்லிலே இணைக்கயல் பொறிக்கப்பட்டிருக்கின்றது. தேய்ந்த தமிழ் எழுத்துக்களும் உள. கோவிலை இடித்தவர்கள் அதன் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினர். இன்றும் அக்கோட்டைக்குள்ளே படையினர் முகாமிட்டிருக்க, அவர்களுடைய காவலைக் கடந்துதான் நாம் கோணேசரையும் மாதுமையம்மையையும் தரிசிக்கச் செல்கின்றோம். தமிழ் மக்களின் நானூறு ஆண்டு வரலாற்றை அறிய விரும்பும் எவருக்கும் அந்த வாயிலில் ஒரு நாழிகை நிற்குமாறு நாம் கூறுவோம்.

சம்பந்தர் பதிகம் பெற்ற தலம் இது. 1620களின் முற்பகுதியில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா இதனைத் தகர்த்தான். மலையின்மீது நின்ற கோவில்கள் கடலோடு போயின. ஆயினும் வழிபாடு போகவில்லை என்பதை நாம் மறந்துவிடலாகாது. காப்பாற்றப்பட்ட திருவுருவங்கள் தம்பலகாமத்துக்குக் கொண்டு செல்லப்பட்டன என்பது வழிவழி வந்த செய்தி. அங்கே ஆதி கோணநாயகர் என்ற பெயரோடு இறைவன் வயல்களின் நடுவே எழுந்தருளினான். அவனைக் காத்தவர்கள் அரசரல்லர், ஏர் பிடித்தவர்கள். கந்தளாய்க் குளத்தைக் கட்டியவன் யார் என்பதில் வரலாற்றாசிரியர் வேறுபடுவர். அதன் நீரில் விளைந்த நெல்லிற் கோணேசருக்குப் பங்குண்டு என்பதில் தம்பலகாமத்தார் ஒருநாளும் வேறுபட்டிலர். குளக்கோட்டன் கோவிலுக்கு விட்ட நிலங்களையும், இன்னின்னார் இன்னின்ன தொழும்பு செய்யவேண்டும் என்ற ஏற்பாட்டையும் கோணேசர் கல்வெட்டு என்னும் நூல் விரிவாகச் சொல்லுகின்றது. சட்டம் பயின்ற எமக்கு அந்நூல் புராணமாக மட்டும் தோன்றுவதில்லை. காணி, கடமை, உரித்து ஆகிய மூன்றையும் எழுதிவைத்த ஒரு தருமசாதன உறுதியாகவே அது தோன்றுகின்றது.

பிரித்தானியர் காலத்தில் இடிந்த இடத்தின் விளிம்பிலே நின்று மலரையும் தேங்காயையும் கடலை நோக்கி அர்ப்பணிப்பதே பூசையாக இருந்தது. 1950இல் நகரத்திற் கிணறு வெட்டியபோது மண்ணுக்குள்ளிருந்து பஞ்சலோகத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கடலடியிற் பழைய கோவிலின் தூண்களையும் கற்களையும் கண்டனர். 1963இல் புதிய கோவிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. மண்ணும் கடலும் சாட்சி சொன்னபின் வேறு சாட்சி எதற்கு என்று எம்மவர் எண்ணினர். அங்கேதான் பிழை தொடங்கியது.

1968ஆம் ஆண்டை நினைவுகூர்வோம். தமிழரசுக் கட்சியின் சார்பில் உள்ளூராட்சி அமைச்சராக இருந்த மு. திருச்செல்வம் அவர்கள், கோணேசர் கோவிற் சுற்றாடலை இந்துக்களின் புனித பூமியாகப் பிரகடனஞ் செய்வதுபற்றி ஆராய ஒரு குழுவை நியமித்தார். அநுராதபுரத்துக்குப் புனித நகர் என்ற காப்பு ஏற்கெனவே உண்டு. அதே காப்பைக் கோணமலைக்கும் ஆராய்வதில் என்ன குற்றம்? பௌத்த பிக்கு ஒருவர் எதிர்ப்புத் தெரிவித்துக் கடிதம் எழுதினார். அமைச்சரைக் கலந்தாலோசியாமலே பிரதமர் டட்லி சேனாநாயக்கா அக்குழுவை நிறுத்தினார். திருச்செல்வம் பதவி துறந்தார். எந்தச் சமயத்தவருக்கும் பிறருக்கில்லாத சலுகையைச் சட்டத்தால் வழங்கலாகாது என்ற சோல்பரி யாப்பின் 29(2)ஆம் பிரிவு அன்று நடைமுறையில் இருந்தது என்பதைச் சட்டத்தரணிகள் கவனிப்பார்களாக. 1972இல் அப்பிரிவும் போயிற்று. 1978 யாப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடத்தை எழுத்திலேயே வழங்கிவிட்டது.

ஐம்பது ஆண்டுகள் கழிந்தபின் அதே கதை வேறு உடை தரித்து வந்தது. 2020 யூன் மாதத்திற் கிழக்கு மாகாணத் தொல்பொருட் செயலணி வர்த்தமானியில் வெளியாயிற்று. தலைவர் பாதுகாப்புச் செயலாளர். தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கு நியமிக்கப்பட்ட அச்செயலணியில், நியமனத்தின்போது ஒரு தமிழரோ ஒரு முஸ்லிமோ இருந்திலர். கோணேசர் கோவில் நிற்குமிடம் உண்மையிற் கோகண்ண விகாரை என்று அதன் உறுப்பினரான ஒரு தேரரே பகிரங்கமாகக் கூறினார். செயலணியை நியமித்த சனாதிபதி 2022இல் நாட்டைவிட்டே சென்று பதவி துறந்தார். அக்கூற்று மட்டும் இங்கேயே இருக்கின்றது.

அக்கூற்றை நாம் ஏளனஞ் செய்யப்போவதில்லை. கோகண்ணத்தில் விகாரை இருந்ததென்று மகாவம்சம் சொல்லுகின்றது. மறுப்பதற்கு நாம் யார்? ஆனால் சாட்சியின் வாக்குமூலத்தில் பாதியை மட்டும் வாசிக்கும் சட்டத்தரணியை எந்த நீதிபதியும் பொறுக்கமாட்டார். தேவாலயங்களை அழித்தே மகாசேனன் கோகண்ணம் உட்பட மூன்று விகாரைகளை எழுப்பினான் என்பதும் அதே மகாவம்சத்தின் அதே செய்திதான். அப்படியாயின், அந்த நூலின்படியே விகாரைக்கு முன் அங்கே நின்றது எது? இந்தக் கேள்வியைக் குறுக்கு விசாரணையாகக் கேட்க எமக்கு விருப்பமில்லை. பழமை ஓர் இனத்தின் தனிச்சொத்தன்று. தமிழரிலும் ஒருகாலத்திற் பௌத்தர் இருந்தனர். ஒரு காலத்தின் தடயத்தை மட்டும் எடுத்து இன்று வழிபடும் மக்களை வெளியேற்றும் ஆயுதமாக்குவதையே நாம் எதிர்க்கின்றோம்.

இனி, எம்மவர் காதுக்கு இனிக்காத பகுதி.

பௌத்த விகாரைகளின் ஆதனங்களுக்கு 1931ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தனியாக உண்டு. இந்துக் கோவில்களுக்கு அவ்வாறான தனிச்சட்டம் இல்லை. 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ்த் தருமசாதனங்களாகவே அவை கருதப்படுகின்றன. ஆகவே எமது கோவிலின் பாதுகாப்பு எமது கடதாசிகளிலேயே தங்கியிருக்கின்றது. அந்தக் கடதாசிகள் எங்கே?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமக் கோவிலின் பரிபாலன சபையார் எம்மிடம் வந்தனர். கோவிற் காணியின் ஒரு பகுதிக்குத் திணைக்களமொன்று எல்லைக்கல் நாட்டிவிட்டது. உறுதி கேட்டோம். ஒரு இரும்புப் பெட்டியைத் திறந்தனர். மேலே கறையான், கீழே திருவிழா நோட்டீசுகள். கடைசியிற் கிடைத்த ஒரே உறுதி, காலஞ்சென்ற ஒரு பெரியவரின் சொந்தப் பெயரில் இருந்தது. கோவிலுக்கென்றே அவர் வாங்கினார் என்பது ஊருக்குத் தெரியும், உறுதிக்குத் தெரியாது. அவருடைய பேரன் அதில் ஒரு துண்டை ஏற்கெனவே விற்றுமிருந்தான். அரசை எதிர்க்க வந்தவர்கள் அன்று முதல் எங்கள் பேரனோடு வழக்காடிக்கொண்டிருக்கின்றனர்.

1871ஆம் ஆண்டின் ஆட்சிக்காலக் கட்டளைச் சட்டப்படி பத்து ஆண்டு எதிராட்சி உரித்தைப் பறிக்க வல்லது. கோவில் வீதியிற் கடை போட அனுமதிப்பவர்கள் ஒரு வரி எழுத்தேனும் வாங்குவதில்லை. எழுத்திருந்தாற் கடைக்காரர் அனுமதி பெற்றவர். எழுத்தில்லையேல் அவர் நாளை உரிமை கோருபவர். 2022இற் கோணேசர் கோவிற் செல்வழியிலுள்ள கடைகளை நிரந்தரமாக்குவதுபற்றி எழுந்த கொந்தளிப்பு இதை எமக்குப் போதிய அளவு கற்பித்திருக்கவேண்டும். வறிய வியாபாரிகளை விரட்டவேண்டும் என்பது எம் கருத்தன்று. அவர்களிற் பலர் எம்மவரே.

எழுத்தும் உரித்தாளரும் நிற்கும் இடத்தில் நீதிமன்றம் கதவைத் திறக்கின்றது. கன்னியா வெந்நீரூற்றிலே அந்தியேட்டி செய்யும் எமது வழக்கம் தலைமுறைகள் பழையது. அங்கே பிள்ளையார் கோவில் நின்ற மேட்டில் விகாரை எழுப்ப முற்பட்டபோது, 2019 யூலையில் அக்காணியின் தருமகர்த்தா மனுதாரராக நின்றார். திருகோணமலை மேல் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. வெடுக்குநாறி மலையில் 2024 சிவராத்திரி இரவு கைதானவர்களை வவுனியா நீதிமன்றம் விடுவித்தது. நீதிமன்றமே எல்லாம் என்று நாம் சொல்லவில்லை. குருந்தூர்மலையிற் கட்டளைகள் மீறப்பட்டன. முல்லைத்தீவு நீதவான் உயிரச்சுறுத்தல் எனக் கூறி 2023 செப்ரெம்பரிற் பதவியையும் நாட்டையும் விட்டுச் சென்றார். ஆயினும் கட்டளை இருந்தபடியாலேயே மீறல் மீறலென உலகுக்குத் தெரிந்தது.

இன்னொன்றையும் சொல்லாது விடுவது நேர்மையன்று. திருச்செல்வம் கோணமலைக்குப் புனிதம் கேட்ட அதே 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாயிலில் எம்மவர் ஒரு பகுதியினர் எம்மவர் மற்றொரு பகுதியினரை உள்ளே விடாது வழிமறித்து நின்றனர். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்கு நடந்தது. கற்றறிந்த கணிதப் பேராசிரியரும் முன்னாள் அமைச்சருமான சுந்தரலிங்கம் குற்றவாளியாகக் காணப்பட்டு, கோமறைக் கழகம்வரை சென்றும் தோற்றார். வயலை உழுது கோவிலுக்கு நெல் அளந்தவனை வாயிலில் நிறுத்திவிட்டு, அரசிடம் சென்று வழிபாட்டுரிமை கேட்கும் வழக்கை எந்தச் சட்டத்தரணியால் வெல்ல முடியும்? அவ்வாயில் பின்னர் திறந்தது. திறவாத சிறு வாயில்கள் சில இன்னும் உண்டென்பதை வாசகர் அறிவர்.

நம்பிக்கைப் பொறுப்புச் சட்டத்தின் 102ஆம் பிரிவு, ஒரு கோவிலில் அக்கறையுள்ள ஐவர் சேர்ந்து மாவட்ட நீதிமன்றத்தை நாட இடமளிக்கின்றது. ஐந்து பேர்! தருமகர்த்தாக்கள் தம்முள் வழக்காடவே இப்பிரிவைப் பெரிதும் பயன்படுத்திவிட்டோம். வரும் சிவராத்திரிக்கு முன் ஒவ்வொரு ஊரிலும் ஒரு சட்டத்தரணி, ஒரு நில அளவையாளர், ஒரு ஆசிரியர், அந்த வயல்களின் எல்லையைக் காலால் அறிந்த இரண்டு விவசாயிகள் என ஐவர் கூடட்டும். உறுதிப் பெட்டியைத் திறக்கட்டும். தனியார் பெயரிலுள்ள காணி தருமசாதனமாக எழுதப்படட்டும். காணிப் பதிவகத்திற் பிரதி எடுத்து ஒன்றை ஊரிலும் ஒன்றை வெளியிலும் வைக்கட்டும். வரைபடம் இல்லாத இடத்தை அளப்பிக்கட்டும். தம்பலகாமத்தவர் தொடங்குவாராயின் மற்றவர் பின்தொடர்வர். கோணேசரைக் காத்துவைத்த பழக்கம் அவர்களுக்கு உண்டு. கட்டணமின்றி உறுதி வாசித்துத் தர எமது தொழிலைச் சேர்ந்த இளைஞர் சிலர் ஏற்கெனவே இசைந்துள்ளனர். பெட்டிகளை மட்டும் கொண்டுவாருங்கள்.