இன்னும் ஒரே ஒரு அட்டெம்ப்ட்

குரூப் 4 தேர்வு எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் உறவினர்கள் இரண்டு வசனம் பேசுவார்கள். ஒன்று, "இன்னுமா கிடைக்கல?" இன்னொன்று, "விட்டுடாதப்பா, விடாம எழுதினா ஒருநாள் கிடைக்கும்." முதலாவது குத்தும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆளை வருடக்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார வைப்பது இரண்டாவதுதான்.

விடாமுயற்சிக்குப் பலன் நிச்சயம் என்கிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 2024 குரூப் 4 தேர்வுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். அறிவிப்பில் இருந்த இடங்கள் 6,244. பிறகு கூட்டினார்கள், அப்போதும் பத்தாயிரத்தைத் தொடவில்லை. அத்தனை பேரும் ராப்பகலாகப் படித்திருந்தால் கட்-ஆஃப் ஏறியிருக்கும், இடம் ஒன்றுகூட ஏறியிருக்காது. அதே ஆண்டு சிவில் சர்வீஸ் முதல்நிலைத் தேர்வை எழுதியவர்கள் 5,83,213 பேர். கடைசியில் பரிந்துரைக்கப்பட்டவர்கள் 1,009 பேர். மீதிப் பேரெல்லாம் சோம்பேறிகளா?

2001 முதல் 2006 வரை தமிழக அரசு பெரும்பாலான பணிகளுக்கு ஆள் எடுப்பதை நிறுத்திவைத்திருந்தது. இடமே இல்லையென்றால் இளைஞர்கள் வேறு வேலை தேடிப் போயிருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? பொருளாதார ஆய்வாளர் குணால் மங்கள் அந்தக் காலத்தை ஆராய்ந்தபோது நேர்மாறாக இருந்தது. பட்டதாரி ஆண்கள் முன்பைவிட அதிக காலம் வேலையில்லாமல் படித்துக்கொண்டே காத்திருந்தார்கள். தடை நீங்கிப் பத்தாண்டு கழித்தும் அந்தத் தலைமுறையின் வருமானம் குறைவாகவே இருந்தது. படித்தது வீண்போகாது என்று சமாதானம் சொல்வோருக்கு இது சங்கடமான தகவல்.

2022 மே மாதம் முதல்நிலைத் தேர்வு நடந்த குரூப் 2-க்கு மெயின்ஸ் 2023 பிப்ரவரியில். அதன் முடிவு 2024 ஜனவரியில். இவ்வளவு நீண்டதைத்தான் ஒரு 'அட்டெம்ப்ட்' என்று வாயால் சொல்லிவிடுகிறோம். பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்குக் குரூப் 2-வில் பெரும்பாலான பணிகளுக்கு உச்ச வயது வரம்பும் கிடையாது. நியாயமான சலுகை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், போதும் என்று சொல்ல அப்புறம் யார் இருக்கிறார்கள்? வீடு சொல்லாது. கோச்சிங் சென்டர் சொல்லவே சொல்லாது. ஜெயித்தவர் படத்தைப் பேனராகக் கட்டும் இடத்தில், மொத்தம் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற எண்ணைப் பார்க்க முடியாது. தவறான விளம்பரங்களுக்காகச் சில ஐ.ஏ.எஸ். பயிற்சி நிறுவனங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அபராதமே விதித்திருக்கிறது.

வாழ்க்கை நகராமல் நிற்கிறது என்று தவிப்பவருக்கு இன்னொரு ஊக்க உரை எதற்கு? எந்தத் தேர்வோடு நிறுத்துவது என்பதை, முடிவு வருவதற்கு முன்பே தேதி போட்டு எழுதிவைக்கச் சொல்லலாம். 'ஜஸ்ட் மிஸ்' ஆன ராத்திரியில் யோசித்தால் இன்னொரு அட்டெம்ப்ட்தான் தோன்றும். ஏதாவதொரு சம்பளத்தில் சேர்ந்துவிட்டு மிச்ச நேரத்தில் எழுதச் சொல்லலாம். மதிப்பெண் கொஞ்சம் குறையலாம், கையில் காசும் அனுபவமும் இருக்கும். அதுவரை படித்ததை வேறு வேலைக்குக் காட்டவும் வழி உண்டு: நேர்முகம் வரை வந்து தவறியவர்களின் விவரங்களை, அவர்கள் சம்மதித்தால், வேலை தருவோருக்குக் காட்டும் திட்டத்தை யூ.பி.எஸ்.சி.யே 2018 முதல் நடத்திவருகிறது. 2025-ல் அதற்குப் 'பிரதிபா சேது' என்று பெயர் வைத்துத் தனியார் நிறுவனங்களுக்கும் திறந்துவிட்டது.