பெஞ்சில் யாருக்கு இடம்?



பொள்ளாச்சியிலிருந்து மீனாட்சிபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுக்கா. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. இங்கே அது அரசு உரிமத்தோடு நடக்கும் தொழில். கேரளத்தின் பல மாவட்டங்களுக்கு இந்தத் தென்னந்தோப்புகளிலிருந்துதான் கள் போகிறது. கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் மலையாளத்தில் 'கள்ளு' என்றிருந்தால் அதுதான் கடை. உள்ளே மர பெஞ்சு, மரவள்ளிக்கிழங்கு, காரமான மீன்கறி. காலையில் இனிக்கும் கள் பிற்பகலில் புளித்துவிடும். பேச்சும் அப்படித்தான், ஊர்க்கதையில் தொடங்கி அரசியல் சண்டையில் போய் நிற்கும்.

அந்த பெஞ்சில் உட்காரும் பெரியவர்களின் அப்பாக்கள் வெவ்வேறு ஆட்சிகளின் கீழ் இருந்தவர்கள். சித்தூர் கொச்சி சமஸ்தானம். பாலக்காடு மதராஸ் மாகாணத்தின் மலபார் மாவட்டம். இடுக்கிப் பக்கம் தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1 அன்று எல்லோரும் கேரளத்துக்காரர்கள் ஆனார்கள். தேவிகுளமும் பீருமேடும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று போராடியவர்களுக்கு அந்த வருத்தம் கடைசிவரை ஆறவில்லை. ஆனால் வீட்டில் தமிழும் பள்ளிக்கூடத்தில் மலையாளமுமாக வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்கு இரண்டுமே சொந்தம்.

"அந்தக் காலத்துக் கடையும் போச்சு, கூட்டமும் போச்சு" என்று நம் மூத்த வாசகர்கள் அடிக்கடி சொல்கிறார்கள். மரமேற ஆள் குறைந்துவிட்டது. சாயாக்கடை பெஞ்சில் இப்போது வங்காளமும் ஒடியாவும் கேட்கிறது. இதே புலம்பலைப் பிரிட்டனிலும் கேட்கலாம். தெருமுனை பப்புகள் ஒவ்வொன்றாக மூடப்பட, கூடவே 'நம்ம நாடும் மாறிப்போச்சு' என்ற ஆதங்கமும் வளர்ந்திருக்கிறது.

அந்த ஆதங்கத்துக்கு ஸ்மெதிக் நல்ல பதில் வைத்திருக்கிறது. பர்மிங்ஹாமை ஒட்டிய இந்தத் தொழில் நகரத்தின் பப்புகளில் 1960களில் நிறம் பார்த்து ஆளை ஒதுக்கினார்கள். இந்தியத் தொழிலாளர் சங்கம் அதை எதிர்த்துப் போராடியது. 1965 பிப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸே வந்து பார்த்துவிட்டுப் போனார். பொது இடங்களில் இனப் பாகுபாடு கூடாதென்று அதே ஆண்டு சட்டமும் வந்தது. இன்று அந்த வட்டாரத்தில் பஞ்சாபிகள் நடத்தும் 'தேசி பப்'களில் பீரோடு தந்தூரிக் கறியும் கிடைக்கிறது. வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் பிள்ளைகள்தான் பல பப்புகளை மூடாமல் காப்பாற்றியிருக்கிறார்கள்.

நம் பக்கத்துக் கணக்கையும் பார்ப்போம். மூணாறு ஹைரேஞ்ச் கிளப்பில் ஆண்களுக்கென்றே ஒரு மதுக்கூடம். சுவரில் பழைய வெள்ளைக்காரத் துரைமார்களின் தொப்பிகள். தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் கூட்டிவந்த தமிழ்த் தொழிலாளர்களுக்கு அந்த அறையில் ஏது நாற்காலி? அவர்களின் வாரிசுகளான பெண்கள் 2015இல் 'பெம்பிளை ஒருமை'யாகத் திரண்டு மூணாறு சாலையில் உட்கார்ந்தபோதுதான் கேரளம் அவர்களைத் திரும்பிப் பார்த்தது. துரைமாரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. சித்தூர் தாலுக்காவிலேயே, முதலமடை ஊராட்சியின் கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியில், சக்கிலியர் சமூகத்தினர் சாயாக்கடையிலும் தண்ணீர்க் குழாயிலும் தங்களை ஒதுக்குவதாகச் சொன்ன புகார் 2017இல் செய்தியானது. தமிழ் பேசும் அந்த மக்களை ஒதுக்கியதாகப் புகாருக்கு ஆளானவர்களில் தமிழ் பேசுபவர்களும் உண்டு.

குடிக்கு வக்காலத்து வாங்க இதை எழுதவில்லை. அதன் விலையைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். ஆனால் கூலிக்காரரும் தோப்புக்காரரும் சரிசமமாக உட்கார்ந்து பேச ஓர் இடம் ஊருக்கு வேண்டும். அதற்காக ஏங்குவது நியாயம். அந்த இடத்தில் முன்பு யாரெல்லாம் உட்கார முடியவில்லை என்பதை மறந்துவிட்டு ஏங்குவது நியாயமில்லை. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியற்காலை ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்கு வரும் அக்காமார்களும், மாந்தோப்பில் வேலை செய்யும் வடநாட்டுத் தம்பிகளும் உட்காரும்போதுதான் அது ஊர்ப்பொது இடம்.

உங்கள் ஊர்க் கடைகளைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். யார் உள்ளே இருந்தார்கள், யார் வெளியே நின்றார்கள் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்