விடை தெரிந்தவர்களின் அறியாமை

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றும் மாணவர் அனைவரும் விஞ்ஞானம் கற்றேயாக வேண்டும். ஆயின் மாத்தளை மாவட்டத்துத் தோட்டப்புறங்களிலிருந்து கலைப்பீடத்துக்கு வந்த என்போன்றோர் பலருக்கு உயிரியலோடிருந்த உறவு அப்பரீட்சையோடு அற்றுப்போயிற்று. எமது பாடசாலையில் உயர்தர விஞ்ஞான வகுப்பே இருக்கவில்லை. அந்த இறுதி வாய்ப்பில் எமக்குக் கிடைத்தது ஒரு வினாவிடைத் தொகுப்பு மட்டுமே.

“பற்றீரியாவின் வடிவங்கள் மூன்று தருக.” கோளம், கோல், சுருளி என எழுதினோம், புள்ளியும் பெற்றோம். அச்சுருளி வடிவினவற்றுள் ஒன்றான லெப்டோஸ்பைராவே எலிக்காய்ச்சலின் காரணி என்பதை எவரும் சொல்லவில்லை. 2008ஆம் ஆண்டில் இந்நாட்டில் 7000இற்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாகினர் எனப் பதிவாகியது. மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் மாத்தளையும் ஒன்று. எலியின் சிறுநீர் கலந்த வயல்நீரிலிருந்து, காலிலுள்ள சிறு கீறலினூடாக அது உடலினுட் புகுகிறது. வடிவத்தை மனனஞ் செய்த மாணவன், புண்பட்ட காலோடு வயலில் இறங்கும் தந்தையைத் தடுக்க அறியான்.

“தெறிவில்லை வரைந்து பெயரிடுக.” வரைந்தோம். ஆனால் சேதனப் பொசுபேற்றுப் பூச்சிகொல்லியைத் தெளிப்பவனின் தசைகள் ஏன் துடிக்கின்றன, அவனுக்கு ஏன் மூச்சுத் திணறுகிறது என எவரும் வினவவில்லை. நரம்பு முனைகளிற் சுரக்கும் அசற்றைல்கோலினை அகற்றும் நொதியத்தை அந்நஞ்சு செயலிழக்கச் செய்கிறது என்பது, படத்துக்குப் பெயரிடுவதிலும் பார்க்கக் கடினமான பாடமன்று.

பிறப்புரிமையியலின் நிலை இன்னும் பரிதாபமானது. பட்டாணிச் செடியில் 3:1 விகிதத்தைக் கணித்தோம். அயல்மாவட்டமான குருநாகலில் தலசீமியா நோயாளருக்கெனச் சிகிச்சை நிலையமே இயங்குகிறது. பெற்றோர் இருவரும் அந்நோயின் காவிகளாயின், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் ஏற்படும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மூத்த பிள்ளை நோயுற்றதனால் இளையவை தப்பிவிடும் என்பது பேதைமை. ஒவ்வொரு பிறப்பிலும் அதே வாய்ப்பு மீண்டும் நிற்கிறது. திருமணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் நாம், ஓர் இரத்தப் பரிசோதனையை எண்ணிப் பார்ப்பதில்லை.

“பரீட்சைக்கு வேண்டியதைத்தானே கற்பிக்கிறோம்” என ஆசிரியர் சிலர் கூறுவர். ஆசிரியர் பற்றாக்குறையும் ஆய்வுகூடமின்மையும் உண்மையே, அவற்றை மறுப்பதற்கில்லை. ஆயின் “தருக” என்ற சொல்லை “ஏன்” என மாற்றுவதற்கு ஆய்வுகூடம் எதற்கு? வடிவத்தைக் கேட்கும் வினா ஞாபகத்தைச் சோதிக்கிறது. வயலைக் கேட்கும் வினா அறிவைச் சோதிக்கிறது. முன்னதை மட்டுமே கேட்டுக்கொண்டிருப்பது, வறியவனின் பிள்ளைக்கு அறிவு வேண்டியதில்லை என்று தீர்ப்பளிப்பதற்கு ஒப்பானதாகும்.

விஞ்ஞான, மருத்துவ பீடங்களில் பயிலும் தமிழ் மாணவர்களே! விடுமுறைக்கு ஊர் செல்கையில் பழைய வினாத்தாள்களைத் தம்பி தங்கையருக்குக் கொண்டுசெல்வதோடு அமையாதீர்கள். அவர்தம் வயலையும் மருந்துத்தாங்கியையும் குருதியையும் பற்றிப் பத்துப் புதிய வினாக்களை எழுதிக் கொடுங்கள். விடைகளை அவர்கள் தேடட்டும். கலைப்பீடத்து நாமும் உடனிருந்து கற்போம். எமக்கும் அவ்விடைகள் தெரியா.