பொருள் உங்களுடையது... சாவி யாரிடம்?

2024 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒரு புதுப் பொருள் விற்பனைக்கு வந்தது. சட்டையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் சின்னஞ்சிறு பெட்டி அது. கேள்வி கேட்டால் பதில் சொல்லும். படம் எடுக்கும். திரை கிடையாது, உள்ளங்கையை நீட்டினால் அதன் மேலேயே எழுத்துகளை ஒளியாகப் பாய்ச்சிக் காட்டும். பெயர், ‘ஹியூமேன் ஏஐ பின்’. ஆப்பிள் நிறுவனத்தில் வேலை பார்த்த இருவர் தொடங்கிய கம்பெனியின் தயாரிப்பு. விலை 699 டாலர். அதற்கு மேல் மாதம் 24 டாலர் சந்தா.

அதன் ஆயுள் ஒரு வருடம்கூட இல்லை. 2025 பிப்ரவரி 18-ம் தேதி ஓர் அறிவிப்பு வந்தது. கம்பெனியின் தொழில்நுட்பத்தையும் காப்புரிமைகளையும் 116 மில்லியன் டாலருக்கு ஹெச்.பி. வாங்கிக்கொள்கிறது, பிப்ரவரி 28 நண்பகலோடு சர்வர்கள் நிறுத்தப்படும், சேமித்த படங்களை அதற்குள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றது அது. கிடைத்த அவகாசம் பத்தே நாள். கடைசி 90 நாள்களுக்குள் வாங்கியவர்களுக்கு மட்டும் பணம் திரும்பக் கிடைத்தது. மற்றவர்களிடம் மிஞ்சியது, உடையாத, கீறல் விழாத, சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் சொல்லக்கூடிய ஒரு பெட்டி.

பொருள் கெட்டுப்போகவில்லை. அது வேலை செய்யத் தேவையான மூளை அதற்குள் இல்லை, எங்கோ ஒரு கட்டடத்தில் இருந்தது. அந்தக் கட்டடத்தில் விளக்கை அணைத்ததும் கையில் இருந்ததும் அணைந்தது.

புது கேட்ஜெட் வாங்குகிறவர்களும், சொந்தமாக ஒரு வெப்சைட் வைத்துக்கொள்ள நினைப்பவர்களும் கவனிக்க வேண்டிய விஷயம் இது. இரண்டும் நிற்பது ஒரே இடத்தில்தான். க்ளவுட்!

மேகம் என்று ஒன்று வானத்தில் இல்லை

‘க்ளவுடில் இருக்கிறது’ என்று சொன்னால் ஏதோ ஆகாயத்தில் மிதப்பது போலத் தோன்றும். உண்மையில் அது தரையில், ஏ.சி. ஓடும் பெரிய கூடங்களில், அடுக்கடுக்காக வைத்திருக்கும் கம்ப்யூட்டர்கள். அவற்றை மாத வாடகைக்கோ மணிக்கணக்கிலோ தருகிறார்கள்.

இந்தத் தொழிலைப் பெரிதாகத் தொடங்கிவைத்தது அமேசான். 2006 மார்ச்சில் சேமிப்பு இடத்தையும், அதே வருடம் ஆகஸ்டில் கம்ப்யூட்டர்களையும் இணையம் வழியே வாடகைக்கு விடத் தொடங்கியது. 2016-ல் மும்பையிலும், 2022-ல் ஹைதராபாத்திலும் அதன் மையங்கள் திறக்கப்பட்டன. இன்று பேங்க் ஆப் முதல் வாசல் கேமரா வரை பலவும் இப்படி ஏதோ ஒரு வாடகைக் கம்ப்யூட்டரில்தான் ஓடுகின்றன.

வாடகைக் கட்டடத்தில் கரன்ட் போனால் குடியிருப்பவர்கள் எல்லோருக்கும் இருட்டுதான். 2025 அக்டோபர் 20-ம் தேதி, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கும் அமேசான் மையங்களில் கோளாறு ஏற்பட்டது. உலகம் முழுக்கப் பல ஆப்களும் வெப்சைட்களும் முடங்கின. அன்று தூக்கம் கெட்டவர்களில் ‘எய்ட் ஸ்லீப்’ என்ற ஸ்மார்ட் மெத்தை வாங்கியவர்களும் உண்டு. குளிரையும் சூட்டையும் ஆப் மூலம் கூட்டிக் குறைக்கும் விலை உயர்ந்த மெத்தை அது. சர்வர் பதில் சொல்லாததால் மெத்தையின் சூட்டைக்கூட மாற்ற முடியவில்லை. கம்பெனித் தலைவர் மன்னிப்புக் கேட்டார். இணையம் இல்லாவிட்டாலும் புளூடூத் வழியாக மெத்தையை இயக்கும் வசதி அதன் பிறகுதான் வந்தது.

ஏன் கடையை மூடுகிறார்கள்?

கணக்கு எளிமையானது. பொருளை விற்கும்போது கம்பெனிக்குப் பணம் ஒரே ஒரு முறை வருகிறது. அந்தப் பொருளுக்காக ஓடும் சர்வருக்கோ மாதாமாதம் செலவு. விற்பனை ஏறிக்கொண்டே இருக்கும் வரை புதுப் பணம் பழைய செலவைத் தாங்கும். விற்பனை குறைந்தால் இரண்டே வழிதான். சந்தா கேட்க வேண்டும், அல்லது மூட வேண்டும். கம்பெனியைப் பெரிய கம்பெனி வாங்கிவிட்டால், பழைய பொருளைக் கட்டி மேய்க்க அவர்களுக்கு அக்கறை இருப்பதில்லை.

அமெரிக்காவில் ‘ரிவால்வ்’ என்ற பெட்டி இருந்தது. வீட்டு விளக்கு, கதவுப் பூட்டு, சென்சார் எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும் பெட்டி. விலை சுமார் 300 டாலர். 2014-ல் அந்தக் கம்பெனியை நெஸ்ட் வாங்கியது. 2016 மே மாதம் சர்வரை நிறுத்தியது. ஒரே நாளில் அது வெறும் டப்பா ஆனது.

ஸ்பாட்டிஃபை, காரில் பாட்டுக் கேட்பதற்காக ‘கார் திங்’ என்ற சின்னத் திரையை விற்றது. 2024 டிசம்பர் 9-ம் தேதியோடு அது வேலை செய்வதை நிறுத்தியது. வாங்கியவர்கள் கொதித்தெழுந்த பிறகே பணத்தைத் திருப்பித் தரும் பேச்சு வந்தது.

இதற்கு நேர்மாறான ஒரு நல்ல கதையும் இருக்கிறது. 2012-ல் மக்களிடமே நிதி திரட்டிப் பிறந்தது ‘பெப்பிள்’ ஸ்மார்ட் வாட்ச். 2016-ல் அதன் சொத்துகளை ஃபிட்பிட் வாங்கியது. 2018 ஜூன் மாதத்தோடு சர்வர்கள் நின்றன. ஆனால், அந்த வாட்ச் மேல் பிரியம் வைத்திருந்த சிலர் ‘ரெபிள்’ என்ற பெயரில் ஒன்றுகூடி, மாற்று சர்வரைத் தாங்களே அமைத்துக்கொண்டார்கள். பழைய வாட்ச்கள் தொடர்ந்து ஓடின. இது எப்படி முடிந்தது? அந்த வாட்ச் நேரம் காட்டவும், போனில் வரும் தகவலைக் காட்டவும் சர்வரை நம்பி இருக்கவில்லை. அடிப்படை வேலை பொருளுக்குள்ளேயே இருந்தது. வேறு சர்வரை இணைக்கவும் வழி இருந்தது.

வெப்சைட்டுக்கும் இதே கதைதான்

தொண்ணூறுகளின் இறுதியில் சொந்தமாகப் பக்கம் வைக்க விரும்பியவர்கள் பலரும் போன இடம் ‘ஜியோசிட்டீஸ்’. இலவசம். ஒரு ஊர் மாதிரியே பேட்டைகளாகப் பிரித்து, உள்ளடக்கத்துக்கு ஏற்ற பேட்டையில் ‘வீடு’ கொடுத்தார்கள். சினிமாவுக்கு ஹாலிவுட், கம்ப்யூட்டருக்கு சிலிக்கான் வேலி. 1999-ல் அதை யாஹூ வாங்கியது. 2009 அக்டோபர் 26-ம் தேதி மூடியது. பத்து வருடங்களுக்கு மேல் மக்கள் எழுதிவைத்த குடும்பக் கதைகள், ஊர் வரலாறுகள், படங்கள் அனைத்தும் அந்த முகவரியிலிருந்து காணாமல் போயின. தன்னார்வலர்களும் இன்டர்நெட் ஆர்க்கைவ் அமைப்பும் ஓடி ஓடிப் பிரதி எடுத்ததால் ஒரு பகுதி பிழைத்தது.

பணம் கட்டி வாடகைக்கு எடுத்தால் மட்டும் ஆபத்து நீங்கிவிடாது. 2021 மார்ச் 10-ம் தேதி அதிகாலை, பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.ஹெச். நிறுவனத்தின் டேட்டா சென்டர் தீப்பிடித்தது. ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று முழுவதும் எரிந்தது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. லட்சக்கணக்கான வெப்சைட்கள் நின்றன. பேக்கப் வேறு ஊரில் இருந்தவர்கள் சில நாள்களில் எழுந்துகொண்டார்கள். பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே போனது.

இன்னொரு ஆபத்து, பில். 2024 பிப்ரவரியில் ‘நெட்லிஃபை’ என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் இலவசத் திட்டத்தில் சாதாரணப் பக்கம் ஒன்றை வைத்திருந்தவருக்கு 1,04,500 டாலருக்கு பில் வந்தது. அவர் பக்கத்தில் இருந்த ஒரு பாட்டு ஃபைலை யாரோ இயந்திரத்தனமாகத் திரும்பத் திரும்ப டவுன்லோடு செய்ததால் கணக்கு எகிறிவிட்டது. விஷயம் பொதுவெளியில் வெடித்ததும் நிறுவனம் அந்த பில்லை முழுவதுமாகத் தள்ளுபடி செய்தது. ஆனால் ‘இலவசம்’ என்ற சொல்லுக்குப் பின்னால் மீட்டர் ஒன்று ஓடக்கூடும் என்பதை அன்று பலர் தெரிந்துகொண்டார்கள்.

அப்படியானால் வெப்சைட்டே வேண்டாமா?

தாராளமாக வைத்துக்கொள்ளலாம். தையல் கடை, டியூஷன் சென்டர், கேட்டரிங் நடத்துகிறவர்களுக்கும், தாத்தா எழுதிய குடும்ப வரலாற்றையும் பாட்டியின் சமையல் குறிப்புகளையும் பேரப்பிள்ளைகளுக்காகச் சேர்த்துவைக்க நினைப்பவர்களுக்கும் சொந்தப் பக்கம் நல்ல விஷயம். மூன்றைப் பிரித்துப் புரிந்துகொண்டால் போதும். பெயர், இடம், பிரதி.

பெயர்: இதுதான் டொமைன். வீட்டு முகவரி மாதிரி. வருடத்துக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை ஆகலாம். முதல் வருடம் மலிவாகக் கொடுத்துவிட்டுப் புதுப்பிக்கும்போது விலை ஏற்றுவது வழக்கம். அதனால் இரண்டாம் வருடக் கட்டணத்தை முதலிலேயே பார்க்க வேண்டும். தமிழ் எழுத்திலேயே ‘.இந்தியா’ என்று முடியும் பெயரும் கிடைக்கும்.

பெயர் யார் பெயரில் பதிவாகிறது என்பது மிக முக்கியம். வெப்சைட் செய்து தருபவரே டொமைனைத் தன் கணக்கில் வாங்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது. பின்னால் அவரோடு மனஸ்தாபம் வந்தால், அல்லது அவர் தொழிலை விட்டுவிட்டால், கடையின் முகவரியே கைமாறிப் போகும். உங்கள் பெயர், உங்கள் இமெயில், உங்கள் மொபைல் நம்பரில்தான் பதிவு இருக்க வேண்டும். புதுப்பிக்க மறந்தால் வேறு யாராவது அந்தப் பெயரை எடுத்துச் சூதாட்டப் பக்கம் போட்டுவிடும் அபாயமும் உண்டு. ‘இலவச டொமைன்’ வேண்டவே வேண்டாம். ‘.டிகே’ என்று முடியும் பெயர்களை இலவசமாகக் கொடுத்துவந்த ஃப்ரீனாம் நிறுவனம், 2023-ல் புதுப் பதிவுகளை நிறுத்தி, 2024-ல் அந்தத் தொழிலிலிருந்தே விலகுவதாக அறிவித்துவிட்டது.

இடம்: இதுதான் ஹோஸ்டிங். பெயர் உங்கள் கையில் இருந்தால் இடத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். வாடகை வீடு மாறினாலும் போன் நம்பர் மாறாத மாதிரி, படிக்க வருகிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. எழுத்தும் படமும் மட்டும் உள்ள சாதாரணப் பக்கத்துக்கு கிட்ஹப் பேஜஸ் போன்ற இலவச சேவையே போதும். அங்கே ஒரு தளத்துக்கு 1 ஜி.பி. வரை இடம் உண்டு, சொந்த டொமைனையும் இணைக்கலாம். கம்ப்யூட்டர் நுணுக்கம் தெரியாதவர்களுக்கு கூகுளின் பிளாகர் எளிது. அதிலும் சொந்த டொமைனை இணைக்க முடியும். கிரெடிட் கார்டு விவரம் கேட்கும் க்ளவுட் கணக்கு என்றால், செலவுக்கு உச்சவரம்போ எச்சரிக்கையோ வைக்கும் வசதி இருக்கிறதா என்று பார்த்து, முதல் நாளே அதை வைத்துவிட வேண்டும்.

பிரதி: புகைப்படக்காரர்கள் பின்பற்றும் 3-2-1 கணக்கு எல்லோருக்கும் பொருந்தும். முக்கியமான எதற்கும் மூன்று பிரதிகள், இரண்டு வகையான சாதனங்களில், அதில் ஒன்று வேறு இடத்தில். உதாரணமாக லேப்டாப்பில் ஒன்று, எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, க்ளவுடில் ஒன்று. ஹார்டு டிஸ்க்கைத் தங்கை வீட்டு பீரோவில் வைத்தால் இன்னும் நல்லது. கூகுளில் இருக்கும் போட்டோ, இமெயில், பிளாகர் பதிவுகளை மொத்தமாக இறக்கிக்கொள்ள ‘டேக்அவுட்’ என்ற வசதி இருக்கிறது. இரண்டு வருடம் தொடவே தொடாத தனிநபர் கணக்கை கூகுள் அழித்துவிடலாம் என்ற விதி இருப்பதால், மறைந்துபோன உறவினர்களின் கணக்கில் இருக்கும் படங்களைக் குடும்பத்தினர் சீக்கிரமே கவனிப்பது நல்லது.

வாங்கும் முன் நான்கு கேள்விகள்

ஸ்மார்ட் பல்போ, கேமராவோ, வாட்சோ... கடையில் பில் போடும் முன் இவற்றைக் கேட்கலாம்.

1. இன்டர்நெட் இல்லாவிட்டால் இது என்ன செய்யும்? பல்பு சுவரில் இருக்கும் ஸ்விட்சில் எரிய வேண்டும். பூட்டுக்குச் சாதாரணச் சாவியும் இருக்க வேண்டும். கேமராவில் மெமரி கார்டு போடும் இடம் இருந்தால், நெட் இல்லாத நேரத்திலும் பதிவாகும்.

2. சந்தா உண்டா? சந்தா கட்டாவிட்டால் எந்தெந்த வசதி நின்றுபோகும்? மூன்று வருடச் சந்தாவைக் கூட்டிப் பார்த்தால்தான் பொருளின் உண்மையான விலை தெரியும்.

3. வேறு கம்பெனி ஆப்களோடும் வேலை செய்யுமா? ஸ்மார்ட் வீட்டுப் பொருள்களில் ‘மேட்டர்’ என்ற முத்திரை இருக்கிறதா என்று பார்க்கலாம். 2022 அக்டோபரில் வந்த பொதுத் தரம் இது. வீட்டு வைஃபைக்குள்ளேயே பொருள்கள் பேசிக்கொள்ள வழிசெய்கிறது, ஒரே கம்பெனியின் சர்வரை மட்டும் நம்ப வேண்டியதில்லை.

4. உள்ளே சேரும் படம், ஆடியோ, ஹெல்த் கணக்கு எல்லாவற்றையும் வெளியே எடுக்க வழி உண்டா?

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பொருள்களையும் சோதித்துப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் வைஃபையை நிறுத்தி வையுங்கள். விளக்கு எரிகிறதா, கதவு திறக்கிறதா, கேமரா பதிவு செய்கிறதா, டி.வி. பென்டிரைவில் இருக்கும் படத்தையாவது காட்டுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எவை எவை கைவிரிக்கின்றனவோ, அவற்றின் சாவி வேறு யாரிடமோ இருக்கிறது. அவற்றில் குடும்பத்தின் நினைவுகள் ஏதாவது சேர்ந்திருந்தால், அன்றைக்கே ஒரு பிரதி எடுத்து வைத்துவிடுங்கள்!